மூலையில் ஓடும் அந்தப் பழைய மெஷினைப் பற்றி

நான் ஓய்வு பெற்றுப் போகிற கிழமை, கேக் வெட்டிக்கொண்டிருந்த நேரத்தில், உங்களில் ஒருவர் கேட்டீர்கள்: நம் ஆபீஸ் மெஷின் அறையின் மூலையில் ஒரு பழைய பெட்டி இரைந்துகொண்டே கிடக்கிறதே, யாருக்கும் ஒரு வேலையும் செய்யாத அதை அணைத்துவிட்டால் என்ன என்று. "அதுல கை வைக்காதீங்க" என்று எரிந்து விழுந்தேன். கேட்ட பிள்ளையின் முகம் சுருங்கிப் போய்விட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள். கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய கதையில்லை அது. இப்போது நிவித்திகலயில் தம்பி வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. எனக்கும் வேறு வேலையில்லை, எழுதிவிடுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் ஆறுதலாக ஒன்றும் கிடைக்காது. வேலையில் பழுத்த ஒருத்தி எழுதினால் கடைசியில் "மனம் தளராதீர்கள் பிள்ளைகளே" என்று ஒரு வரி வரும் என்று காத்திருப்பீர்கள். அந்த வரியை வேறு யாராவது எழுதட்டும்.

மலைச்சரிவுகளைக் கவனிக்கிற புரோகிராம் ஒன்று நம்மிடம் இருந்தது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சப்ரகமுவப் பக்கத்தில் மழைக்காலம் வந்தால் எந்த மலை எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களோ பெரும்பாலும் மலையின் அடிவயிற்றில்தான் கட்டிக் கிடக்கின்றன. கட்டியவன் அங்கே படுத்துத் தூங்கப் போவதில்லை அல்லவா. ஆகவே சில தேயிலைத் தோட்டங்களில் மழைமானிகளையும், மண் நகர்வதைக் காட்டும் கருவிகளையும் சரிவில் நட்டோம். அவை அனுப்புகிற எண்களை எடுத்துக்கொண்டு, இரத்தினபுரி ஆபீஸில் உள்ள மெஷின் மலையின் பிடிமானத்தைக் கணக்குப் போடும். ஒரு விடை வரும். அதை வைத்துத் திரும்பவும் போடும். அடுத்தடுத்த இரண்டு விடைகள் ஒத்துப்போகும்வரை போட்டுக்கொண்டேயிருக்கும். ஒத்துப்போனதும் நின்று, பச்சை அல்லது சிவப்பு காட்டும். சிவப்பு என்றால் தோட்டத்து பெக்டரியில் சங்கு ஊத வேண்டும். வேலை தொடங்குவதும் விடுவதும் அந்தச் சங்கில்தான் என்பதால் தோட்டத்துச் சனத்துக்கு அது வேதவாக்கு.

சங்கடம் என்னவென்றால், சில நாட்களில் அந்தப் புரோகிராம் நிற்காது. விடைகள் நெருங்கி வரும், விலகிப் போகும், திரும்ப நெருங்கும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு "ஓடுகிறது" என்ற சொல்லும், மாறிக்கொண்டேயிருக்கும் அந்த விடைகளும்தான் திரையில் தெரியும்; தோட்டத்து ஆபீஸ் திரையிலும் அதே. முடியப் போகிறதா, முடியவே போவதில்லையா?

எங்கள் பிரிவின் தலைவர் என்னைக் கூப்பிட்டார். சிங்கள மனிதர், பெயர் வேண்டாம், பெரியவர் என்றே சொல்கிறேன். லயத்தில் பிறந்த பெண்பிள்ளையை கம்பியூட்டர் வேலைக்கு எடுப்பதா என்று மற்றவர்கள் முகம் சுளித்தபோது என்னை எடுத்தவர் அவர்தான். அதனால் அவரை ஏசி எழுத எனக்குக் கை வராது. அவர் கேட்டது நியாயமாகத்தான் இருந்தது: ஓடுகிற புரோகிராமைப் பார்த்து, இது முடியும், இது முடியாது என்று முன்கூட்டியே சொல்கிற இன்னொரு புரோகிராமை எழுதித் தா.

அப்படி ஒன்றை எழுத முடியாது என்றேன். கஷ்டமா என்றார். கஷ்டமில்லை சேர், முடியவே முடியாது என்றேன். அவர் நம்பவில்லை. பிளேன்டீயை ஆறவிட்டு அவருக்கு இப்படி விளக்கினேன். ஒரு கங்காணி இருக்கிறார் என்று வையுங்கள். யாரைப் பார்த்தாலும், இன்றைக்கு இவன் தனக்கு ஒதுக்கிய தேயிலை நிரையை முடிப்பானா மாட்டானா என்று தவறாமல் சொல்லிவிடுவார். அதே மலையில் ஒரு வீம்பன் இருக்கிறான். கங்காணி தன்னைப்பற்றி என்ன சொன்னார் என்று முதலில் கேட்டுக்கொள்வான். முடிப்பான் என்று சொல்லியிருந்தால் வேண்டுமென்றே நிரையில் நின்றுகொண்டேயிருப்பான். முடிக்க மாட்டான் என்று சொல்லியிருந்தால் சட்டென்று முடித்துக் கூடையை இறக்கிவிடுவான். இவனைப்பற்றிக் கங்காணி எதைச் சொன்னாலும் பொய்யாகப் போகும். ஆகவே எவரைப் பற்றியும் தவறாமல் சொல்லும் கங்காணி உலகத்தில் இருக்க முடியாது. புரோகிராமிலும் அப்படியொரு வீம்பனை எழுதலாம். நீங்கள் கேட்கிற, முன்கூட்டிச் சொல்லும் புரோகிராமை எடுத்து அவன் வயிற்றுக்குள்ளேயே வைத்துவிட்டால் போதும்.

பெரியவர் சிரித்தார். நம்முடைய மலைப் புரோகிராம் அப்படி வீம்பு பிடித்ததில்லையே என்றார். நல்ல கேள்வி. எல்லாப் புரோகிராமுக்கும் பதில் சொல்லும் ஒன்று இருக்க முடியாது என்பதால், ஏதோ ஒரு குறிப்பிட்ட புரோகிராமுக்கு பதில் சொல்ல முடியாது என்று ஆகிவிடாது. சிலவற்றை உட்கார்ந்து படித்துப் பார்த்தால் சொல்லிவிடலாம். இதையும் படித்தேன், கண் எரியப் படித்தேன். எப்போதும் முடியும் என்று என்னால் நிறுவ முடியவில்லை. எந்த மழைக்கு முடியாது என்று காட்டவும் முடியவில்லை. மெஷினின் நினைவகத்துக்கு ஓர் எல்லை உண்டுதானே மிஸ், எல்லா நிலைகளையும் எண்ணிப் பார்த்துவிடலாமே என்று உங்களில் கெட்டிக்காரர் ஒருவர் கையைத் தூக்குவார். எண்ணலாம் ராசா. எண்ணி முடிப்பதற்குள் மலை முழுதும் கரைந்து களுகங்கையோடு போய்விடும்.

முடிந்ததைச் செய்தேன். ஒரு கெடு வைத்தேன். கெடுவுக்குள் பதில் வராவிட்டால் அதையே சிவப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டும், சங்கு ஊத வேண்டும்.

ஊதினார்கள். சனம் மூட்டை முடிச்சு, கோழி, சாமிப்படம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கொட்டுகிற மழையில் மேட்டிலிருந்த பிள்ளைக் காம்பராவுக்கு ஏறியது. பகல் நேரத்தில் வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. அதற்குள் முழு லயமும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. மலை அசையவில்லை. அடுத்த மழைக்கும் அதே கதை. அதற்கடுத்த முறை சனம் சிரிக்கத் தொடங்கியது. கம்பியூட்டருக்குக் காய்ச்சல் வந்தால் நாங்கள் எதற்கு நனைய வேண்டும் என்று ஒரு பெண் கேட்டதாகவும், தோட்டமே அதைச் சொல்லிச் சிரித்ததாகவும் எனக்குச் செய்தி வந்தது. கொழுந்து நிறை குறைந்ததென்று தோட்டத்தை நடத்தும் துரைமாருக்கு வேறு கோபம். ஒரு கூட்டம் வைத்து என் கெடுவைத் தூக்கியெறிந்தார்கள். அதற்கு அவர்கள் சொன்ன காரணத்தைக் கேளுங்கள். ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராமைப் பற்றி யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது என்று மிஸ்ஸே சொல்கிறாரே, பிறகு அதை எப்படிச் சிவப்பு என்று எடுப்பது? பதில் சிவப்பென்று வந்தால் ஊதுவோம், வராவிட்டால் காத்திருப்போம்.

நான் கத்தினேன். பதில் வராமலிருப்பது என்பது பச்சையுமில்லை, சிவப்புமில்லை, மூன்றாவது ஒன்று. அந்த மூன்றாவது நேரத்தில் என்ன செய்வதென்று வெயில் அடிக்கிற நாளிலேயே முடிவெடுத்து வைக்க வேண்டும் என்று சொன்னேன். பெரியவர் என் கையைத் தட்டிக்கொடுத்து உட்கார வைத்தார். "தெரியாது" என்ற சொல் மாதிரி ஏமாற்றுகிற சொல் வேறில்லை. கேட்கிறவன் தனக்கு வசதியானதை அதற்குள் போட்டுக்கொள்வான். காத்திருப்போம் என்று ஆபீஸில் எடுத்த முடிவு மலைக்கு ஏறி லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வேறு உருவம் எடுத்திருந்தது: சங்கு ஊதவில்லை என்றால் பயமில்லை.

இனித் தங்கராசா. ஓப்பநாயக்கவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், ஆபீஸில் கம்பியூட்டருக்கு முன்னால் உட்காருகிற வேலை அவருக்கு. அங்கேயே பிறந்து அங்கேயே வளர்ந்தவர். மனைவி புஷ்பம் கொழுந்தெடுப்பவள். கீழ் லயத்தில் வீடு. பயிற்சிக்கு நம் ஆபீஸுக்கு வந்த காலத்திலிருந்து அவரை எனக்குத் தெரியும். திரையில் எது வந்தாலும் ஒரு சொல் விடாமல் போனில் வாசித்துக் காட்டுவார். அவருடைய சோற்றுப் பார்சலில் பாதி என் தட்டுக்கு வந்த நாட்களும் உண்டு, புஷ்பத்தின் மாசிச் சம்பலுக்கு நான் அடிமை.

அன்றைக்கு முந்தின நாளிலிருந்தே மழை. மலையில் நிற்க முடியாது என்று காலையிலேயே வேலையை நிறுத்தி எல்லாரையும் லயத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மழை இன்னும் கொஞ்சம் குறைவாகப் பெய்திருந்தால் அவர்கள் கொழுந்து மலையில் நின்றிருப்பார்கள்.

பகல் சாப்பாட்டு நேரத்துக்குத் தங்கராசா எனக்குப் போன் எடுத்தார்.

"மிஸ், இன்னும் ஓடுதுன்னுதான் காட்டுது. முடியுமா முடியாதா, அத மட்டும் சொல்லுங்க."

"அத என்னால சொல்ல முடியாது தங்கராசா. யாராலயும் முடியாது. அதுக்காகக் காத்திருக்காதீங்க. சின்னத்தொரகிட்டப் போயி சங்க ஊதச் சொல்லுங்க."

போனார். பெரிய துரை கொழும்புக்குப் போயிருந்தார். அவருக்கு அடுத்த சின்னத்துரை சின்னப் பையன்தான், கெட்டவனில்லை. போன முறை சும்மா சங்கு ஊதியதற்காக ஏச்சு வாங்கியவன் அவன்தான். சூடு கண்ட பூனை. நம் பெரியவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று நம் ஆபீஸுக்குப் போன் எடுத்தான். பெரியவர் என்னைக் கூப்பிட்டார். எதை வைத்து ஊதச் சொல்கிறாய் என்று கேட்டார். ஒன்றும் தெரியாததை வைத்துத்தான் என்றேன். தெரியாது என்றால் ஆபத்து என்றும் தெரியாதுதானே என்றார். சேர், தெரியாத மலைக்குக் கீழே ஆட்களை வைத்துக்கொண்டு இந்த நியாயம் பேசக் கூடாது என்று குரலை உயர்த்தினேன். அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "பொட்டக் இன்ன மிஸ்" என்றார், கொஞ்சம் பொறுங்கள் என்று. அவர் முகத்தில் அலட்சியமில்லை. பயமிருந்தது. பயந்த மனிதனுக்கு, இதோ வரப்போகிறது என்கிற ஒரு பதில் மாதிரி நல்ல ஒளிவிடம் வேறில்லை.

அந்த நேரத்தில் தங்கராசா மனைவிக்குப் போன் எடுத்திருக்கிறார். அவள் சொன்னதை அவர் பிறகு என்னிடம் ஒரு சொல் விடாமல் சொன்னார், திரையை வாசிக்கிற அதே மாதிரி.

"சங்கு ஊதலையே. ஆபீஸ்காரன் பொண்டாட்டி மட்டும் மூட்டயத் தூக்கிட்டு ஓடுறான்னு சனம் சொல்லாதா? போன தடவ நம்மளாலதான் எல்லாரும் நனைஞ்சாங்கன்னு இன்னும் சொல்லிக் காட்டுறாங்க. நா மட்டும் வரமாட்டேன். சங்கு ஊதட்டும், எல்லாரும் சேந்தே வர்றோம்."

சோறு அடுப்பில் இருக்கிறது என்றும் சொன்னாளாம்.

நீங்கள் கேட்பீர்கள், அவர் ஏன் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வரவில்லை என்று. நானும் கேட்டேன், மனதுக்குள். அந்த நேரம் பார்த்துத் திரையில் இரண்டு விடைகளும் நெருங்கத் தொடங்கியிருந்தன. இதோ முடியப் போகிறது என்று தோன்றியது. முடிந்து சிவப்பு வந்தால் அந்த நொடியே சின்னத்துரையிடம் ஓட ஆள் வேண்டும், அந்த ஆள் அவர்தான். சிவப்பு வந்தால் சங்கு, சங்கு வந்தால் புஷ்பம் மட்டுமில்லை, முழு லயமும் வெளியே வரும். தன் பெண்டாட்டி ஒருத்தியைக் காப்பாற்றப் போவதா, எல்லாரையும் காப்பாற்றக் கூடிய பதிலுக்குக் காவலிருப்பதா என்று யோசித்தாராம். நல்ல மனிதர் என்ன செய்வாரோ அதைச் செய்தார். உட்கார்ந்தார்.

எனக்குத் திரும்பப் போன் எடுத்தார். எண்களை வாசித்துக்கொண்டே போனார். "மிஸ், கிட்ட வந்துடுச்சு. ரெண்டும் கிட்ட வந்துடுச்சு மிஸ். இந்தா முடிஞ்சிடும்."

பிறகு ஒரு சத்தம். அதை எதற்கும் ஒப்பிட எனக்கு வரவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். திரும்ப வைத்தபோது அந்தப் பக்கம் பேச்சில்லை. அவர் எழுந்து ஓடியிருந்தார், ரிசீவர் தொங்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்சம் கழித்து அதே போனில் பெக்டரிச் சங்கு ஊதுவதைக் கேட்டேன். மண் தோண்ட ஆள் கூப்பிட ஊதினார்கள். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். எங்களுக்கு யானை முதலில் வந்தது.

மறுநாள் ஜீப்பில் போனேன். ஆபீஸ் மேட்டில் இருந்ததால் அப்படியே நின்றது. கீழ் லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண்ணும், வேரோடு தேயிலைச் செடிகளும், ஒரு தகரக் கூரையின் ஓரமும் தெரிந்தன. மம்பட்டியோடு தோட்டத்து ஆட்கள், ராணுவத்துப் பையன்கள், மண் அள்ளும் பெக்கோ இரண்டு. பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து வந்தவர்கள் சேற்றில் முழங்காலளவு நின்று தோண்டினார்கள். தங்கராசா அவர்களுக்கு நடுவில் நின்றார். தன் வீடு இருந்த இடம் இதுதான் என்று ஓர் இடத்தைக் காட்டுவார், பிறகு வேறொரு இடத்தைக் காட்டுவார். மலையே இடம் மாறியிருந்தது, அவருக்கு எப்படித் தெரியும்.

சிலர் கிடைத்தார்கள். புஷ்பம் கிடைக்கவில்லை. மேலே மண் இன்னும் அசைகிறது, தோண்டுகிறவர்களுக்கும் ஆபத்து என்று சொல்லித் தேடுதலை ஒரு நாள் நிறுத்திவிட்டார்கள்.

விசாரணைக்கு வந்தவர்கள் நம் ஆபீஸ் மெஷினை யாரும் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் அந்த நாளின் எண்களோடு அது, நெருங்கியும் விலகியும், ஓடிக்கொண்டேயிருந்தது. விசாரணை முடிந்தது. யார் மேலும் குற்றமில்லை, தொழில்நுட்பத்தில் தாமதம் என்று முடிவானது. பெரியவர் அந்த வருடமே வேலையை விட்டார்.

அதற்குப் பிறகு ஒரு நாள் தங்கராசா ஆபீஸுக்கு வந்தார். சொந்தக்காரர்கள் கருமாதி செய்து முடி என்று நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் செய்யவில்லை. மெஷினைப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிக்கொண்டு போனேன்.

"இன்னும் ஓடுதா மிஸ்?"

"ஓடுது."

திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்: "தேடுறத நிப்பாட்டிட்டாங்களே, அவ கெடைக்க மாட்டான்னு தெரிஞ்சா நிப்பாட்டுனாங்க?"

"இல்ல தங்கராசா. அது யாருக்கும் தெரியாது. எப்பவாவது நிப்பாட்டித்தானே ஆகணும்னு நிப்பாட்டுனாங்க."

"கெடு வச்சிட்டாங்க."

அது என்னுடைய சொல். கெடு வை, கெடு வை என்று கூட்டத்துக்குக் கூட்டம் கத்தியவள் நான்தான். நான் சொன்னது சரி என்று இன்றைக்கும் சொல்வேன். ஒரு பதிலுக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதைப் பதில் வருவதற்கு முன்பே தீர்மானியுங்கள். தீர்மானித்த பிறகு ஊர் சிரித்தாலும் மாற்றாதீர்கள். வேலைக்கு உதவக்கூடியதாக என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். ஆனால் அந்தச் சரியான சொல்லை அந்த மனிதரின் வாயிலிருந்து கேட்டபோது அது எனக்கே பொறுக்கவில்லை. மண்ணுக்குள் கிடக்கிற பெண்டாட்டிக்கு எவன் கெடு வைப்பான்?

"இதயாச்சும் நிப்பாட்டாதீங்க மிஸ்," என்றார். "இது என்ன சொல்ல வந்துச்சுன்னு நா தெரிஞ்சுக்கணும்."

அன்றைக்கு என்ன சொல்லியிருக்கும் என்று தெரிந்து இனி என்ன ஆகப் போகிறது என்று நான் கேட்கவில்லை. நிறுத்த மாட்டேன் என்றேன். மின்வெட்டு வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி எழுதி வைத்தேன். புதிய மெஷின்கள் வந்தபோதெல்லாம் பொய்க் காரணம் சொல்லி அதை மட்டும் மூலையில் காப்பாற்றினேன். இப்போது அவர் பெல்மதுளையில் ஒரு சாமான் கடையில் வேலை செய்கிறார். மழை பிடித்தால் போன் எடுப்பார். முடிந்துவிட்டதா என்று கேட்பார். இன்னும் ஓடுகிறது என்பேன். சரிங்க மிஸ் என்று வைத்துவிடுவார். இத்தனை வருடத்தில் எங்களுக்குள் இருந்த பேச்சு அவ்வளவுதான். கருமாதி இன்னும் நடக்கவில்லை.

மெஷின் அறையைக் காலிசெய்யப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்குக் கோபமில்லை. அந்தப் பெட்டியை வைத்துக் காப்பாற்றுங்கள் என்று உங்களிடம் கேட்கவும் எனக்கு வாய் இல்லை, எதற்கும் ஒரு கெடு வேண்டும் என்று சொல்லித் தந்தவள் நான்.

ஆனால் இன்றைக்கு இங்கே மழை. அங்கேயும் பெய்யும். என் பழைய மேசை போன் அடிக்கும். யாராவது ஒருவர் எடுங்கள். ஓடிக்கொண்டிருந்தால் ஓடுகிறது என்று சொல்லுங்கள். அணைத்துவிட்டால், நாங்கள் அணைத்துவிட்டோம் அண்ணே என்று சொல்லுங்கள். முடிந்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.